துவைக்காத சாக்ஸும் தோக்காத டீமும்

இந்த மாசம் வந்த கடுதாசி, வாட்ஸ்அப், வாய்ஸ் மெசேஜ் எல்லாத்தையும் ஒண்ணா சேத்துப் பாத்தா பாதிக்கு மேல கால்பந்துக் கதைதான். காரணம் உங்களுக்கே தெரியும், நம்ம பக்கத்து காலேஜ் டீம் சீசன் ஆரம்பிச்சதுல இருந்து ஒரு மேட்ச்கூட தோக்காம ஃபைனல் வரைக்கும் வந்துருச்சு, பெஸ்தாரி ஜெயா மாமாக் கடையில (எனக்கு இன்னமும் அது பத்தாங் பெர்ஜுந்தைதான், போர்டுல பேரை மாத்திட்டா நாக்கு மாறிடுமா) காலையில ரொட்டி சானாய் வர்றதுக்கு முன்னாடியே அந்தப் பேச்சு வந்துடுது. 1917-ல மலேசியாவுலயே மொத மொத வியாபாரத்துக்குன்னு செம்பனை (பாமாயில் மரம்தான்) நட்டது நம்ம பக்கத்து தென்னமரம் தோட்டத்துலதான், அதுக்கப்புறம் இந்த ஊர் பேரு எதுக்காகவாவது வெளிய அடிபட்டுச்சான்னு யோசிச்சா ஒண்ணும் சட்டுனு வரமாட்டேங்குது, அதனால சனம் துள்ளுறதுல தப்பே இல்ல. மத்த கேள்விக்காரங்க கோச்சுக்காதீங்க, அடுத்த மாசம் பாத்துக்கலாம்.

கேள்வி: சார், என் மகன் அந்த காலேஜ் டீம்ல ரைட் பேக். முத மேட்ச்ல போட்ட சாக்ஸை இன்னும் துவைக்க விடமாட்டேங்குறான். துவைச்சா தோத்துருவாங்களாம். ஒளிச்சு வச்சாலும் கண்டுபிடிச்சுடுறான், வாசமே காட்டிக் குடுத்துடுது. இப்ப சாமி ரூம் பக்கத்துல ஆணி அடிச்சு மாட்டியிருக்கான். நான் என்ன பண்றது?
— ஒரு அம்மா, ஈஜோக்

பதில்: மொதல்ல அந்த ஆணியைப் புடுங்குங்கம்மா, சாமிக்கும் மூக்கு இருக்கு. ஆனா பையனைத் திட்டாதீங்க, இந்த வியாதி பெரிய பெரிய ஆளுங்களுக்கே இருந்திருக்கு. ஆர்சனல்ல கோலோ டூரேன்னு ஒரு டிஃபெண்டர், ஒரு சீசன் பூரா தோக்காத அந்த டீம்ல இருந்தவரு, அவருக்கு டிரெஸ்ஸிங் ரூம்ல இருந்து கடைசி ஆளாதான் திடலுக்கு வரணும். 2009-ல ரோமாவோட சாம்பியன்ஸ் லீக் மேட்ச், ஹாஃப் டைம்ல கூட்டாளி ஒருத்தருக்கு உள்ள கட்டுப் போட்டுக்கிட்டு இருக்காங்க, இவரு அந்த ஆளு வர்ற வரைக்கும் நான் போகமாட்டேன்னு உள்ளயே நின்னுட்டாரு, வெளிய ஆர்சனல் ஒம்போது பேரோட செகண்ட் ஹாஃப் ஆரம்பிச்சுட்டாங்க. அப்புறம் அவசர அவசரமா ரெஃப்ரி கூப்பிடாமலே உள்ள ஓடி வந்து மஞ்சள் கார்டு வாங்கினதுதான் மிச்சம்.

நான் விளையாடின காலத்துல எனக்கும் ஒண்ணு இருந்துச்சு, மேட்ச் அன்னைக்கு லயத்துல இருந்து திடலுக்கு ஆயாக்கொட்டகை வழியாதான் போவேன், சுத்து வழி, அரை மைல் கூட. எங்கம்மா பைத்தியம்னுதான் சொன்னாங்க, ஆனா நாத்தம் எதுவும் அடிக்கல பாருங்க, அதான் வித்தியாசம். வேர்வை ஊறின சாக்ஸை அப்படியே திரும்பத் திரும்பப் போட்டா விரல் இடுக்குல சேத்துப்புண் வரும், ஈரமும் உப்பும் சேந்து குதிகால்ல கொப்புளம் போடும், அப்புறம் ரைட் பேக் ஓட முடியாம நொண்டினாதான் டீம் தோக்கும், அதை அவன்கிட்ட அப்படியே சொல்லுங்க. ஒத்துக்கலைன்னா ஒரு ராசி உடன்படிக்கை போட்டுக்குங்க: பழைய ஜோடி பையில கூடவே போகட்டும், கால்ல புது ஜோடி. ராசி கால்லதான் இருக்கணும்னு யாரு சொன்னது?

கேள்வி: அண்ணே, என் அக்கா மகன் ஸ்காலர்ஷிப்ல அமெரிக்கா மிச்சிகன்ல படிக்கிறான். அவங்க யூனி டீம் 2023-ல 15 மேட்ச் விளையாடி 15-ம் ஜெயிச்சு கப் அடிச்சதாம், அவங்க ஸ்டேடியத்துல ஒரு லட்சம் பேரு உக்காருவாங்கன்னு வேற சொல்றான். காலேஜ் பசங்க பந்துக்கு ஒரு லட்சம் பேரா? எனக்கு காது குத்துறானா?
— லோரி டிரைவர், பத்தாங் பெர்ஜுந்தை

பதில்: குத்தல தம்பி, மருமவன் சொன்னது நெசம்தான். அந்த ஸ்டேடியம் ஆன் ஆர்பர்ங்கிற ஊர்ல இருக்கு, கணக்குப்படி 1,07,601 பேரு உக்காரலாம். நம்ம நாட்டுக்கே பெருசு புக்கிட் ஜாலில், அதுவே 80,000-த்துச் சொச்சம்தான், அதைவிட பெருசா ஒரு யூனி தனக்குன்னு வச்சிருக்கு. நம்ம ஊர்ல காலேஜ் மேட்ச்னா கோச், ரெண்டு லெக்சரர், கோல் போஸ்டுக்குப் பின்னாடி மோட்டோரை நிப்பாட்டிட்டு வேடிக்கை பாக்குற நாலு பேரு, ஒரு ஆடு. அங்க காலேஜ் பந்துங்கிறது ஊர்த் திருவிழா மாதிரி, சனிக்கிழமை ஆனா தாத்தால இருந்து கைப்புள்ள வரைக்கும் டீம் கலர் சட்டைய மாட்டிக்கிட்டு கிளம்பிடுவாங்க, பல மாநிலத்துல கவர்னரைவிட யூனி கோச்சுக்குத்தான் அரசாங்கச் சம்பளம் ஜாஸ்தி.

ஆனா அது நம்ம பந்து இல்ல, அமெரிக்கன் ஃபுட்பால், அதை மொதல்ல புரிஞ்சுக்குங்க. பந்தே மாங்கொட்டை மாதிரி இருக்கும், பெரும்பாலும் கையிலதான் வேலை. சைடுக்கு 11 பேரு. பந்து வச்சிருக்கிற டீமுக்கு நாலு சான்ஸ், அந்த நாலுக்குள்ள 10 கெஜம் முன்னேறணும், முன்னேறினா மறுபடியும் நாலு சான்ஸ், இல்லைன்னா பந்து அடுத்தவன் கைக்குப் போயிடும். எதிராளியோட கடைசிக் கோட்டைத் தாண்டி கொண்டு போனா 6 பாயிண்ட், அதுக்கு டச்டவுன்னு பேரு, அப்புறம் ஒரு உதை 1 பாயிண்ட். கோட்டுக்குப் போக முடியாதுன்னு தோணுச்சுன்னா தூரத்துல இருந்தே ரெண்டு கம்பத்துக்கு நடுவுல உதைச்சு விட்டா 3. சடுகுடு தெரிஞ்சவனுக்கு பத்து நிமிஷத்துல புடிபட்டுடும், ஏறிப் போயி அமுக்கி விழறதுதான், தலையில ஹெல்மெட் மட்டும் கூடுதல்.

இப்ப அந்த 15-க்கு வருவோம். 15 ஜெயிச்சது, தோல்வி இல்லன்னு ஒரு வரியில எழுதிப்புட்டா எல்லாரையும் நசுக்கித் தள்ளின மாதிரி தெரியும். பாதி சீசன் அப்படித்தான் போச்சு. மீதிப் பாதி எப்படிப் போச்சுன்னா, மொதல்ல கோச்சே பாதி நாள் இல்ல. ஜிம் ஹார்பாக்னு பேரு, அந்த யூனியிலயே விளையாடின ஆளு, சீசனோட வழக்கமான 12 மேட்ச்ல 6 மேட்ச் அவருக்குத் தடை, முன்னாடி மூணு, கடைசியில மூணு. முன்னாடி மூணு ஆள் சேக்குற விதியில வந்த பிரச்சனை, கடைசி மூணு வேற கதை, அவரு டீம் ஸ்டாஃப் ஒருத்தரு எதிர் டீமோட மேட்ச்சுக்கெல்லாம் ஆள் அனுப்பி அவங்க கோச்சுங்க கையால காட்டுற சிக்னலை போன்ல எடுக்க வச்சாருன்னு விசாரணை. 2025-ல அபராதம் அது இதுன்னு தீத்தாங்க, கப்பை மட்டும் பிடுங்கல. உங்க மருமவன் இதைச் சொல்லியிருக்க மாட்டான், அங்க அதைப் பேசினா சோறு கிடைக்காது.

பென் ஸ்டேட்டோட மேட்ச், தடை வந்து ஒரு நாள்தான் ஆகுது, உதவி கோச் நிக்கிறாரு, பந்தை தூக்கி எறிஞ்சு ரிஸ்க் எடுக்காம தொடர்ந்து 32 தடவ கையில கொடுத்து ஓட விட்டே ஜெயிச்சாங்க, 24-15. பாக்க அசிங்கமா இருந்துச்சுன்னு சிலபேரு சொன்னாங்க, நான் அந்த ஹைலைட்ஸை மூணு வாட்டி பாத்தேன், எனக்கு அது அழகு. அடுத்த வாரம் மேரிலேண்டோட 31-24, அது அந்த யூனி வரலாத்துலயே ஆயிரமாவது வெற்றி, அந்தக் கணக்கை மொதல்ல தொட்ட காலேஜ் இவங்கதான், ஆனா கடைசி வரைக்கும் நெஞ்சைப் புடிச்சிக்கிட்டுதான் உக்காந்திருப்பாங்க. அதுக்கடுத்து ஒஹாயோ ஸ்டேட், பரம்பரைப் பகை, 30-24, எதிராளி கடைசியா எறிஞ்ச பந்தை நடுவுல புகுந்து புடிச்சுதான் மூச்சு விட்டாங்க.

உச்சம் எதுன்னா 2024 ஜனவரி 1-ம் தேதி, ரோஸ் பவுல், அலபாமாவோட செமிஃபைனல். கடைசி அஞ்சு நிமிஷத்துக்குள்ள வந்தாச்சு, 20-13ல பின்தங்கி நிக்கிறாங்க. நாலாவது சான்ஸ், ரெண்டு கெஜம் வேணும், தவறினா சீசன் முடிஞ்சது. பிளேக் கோரம்னு ஓடுறதுக்குப் பேர்போன பையன், எல்லாரும் அவன் ஓடப் போறான்னு நினைக்க அவனுக்குப் பாஸ் போட்டாங்க, தப்பிச்சாச்சு, சமன் பண்ணியாச்சு. அதோட விட்டுச்சான்னா இல்ல, ஆட்டம் முடிய நொடிக் கணக்குல இருக்குறப்ப மேல இருந்து வந்த பந்தை மிச்சிகன் பையன் ஒருத்தன் கை நழுவ விட்டு, அது சொந்தக் கோட்டுப் பக்கமா உருண்டு, கோட்டுக்கு ஒரு கெஜம் முன்னாடி விழுந்து அமுக்கினான். அந்த ஒரு கெஜம் பின்னால போயிருந்தா மருமவன் உங்களுக்கு மெசேஜே அனுப்பியிருக்க மாட்டான். எக்ஸ்ட்ரா டைம்ல 27-20. ஒரு வாரம் கழிச்சு ஜனவரி 8, ஹூஸ்டன்ல ஃபைனல், வாஷிங்டன் யூனி, அவங்களும் அதுவரைக்கும் 14 மேட்ச்ல ஒண்ணுகூட தோக்காதவங்க, அதுல 34-13. ரெண்டு தோக்காத டீம் மோதி ஒண்ணு தோத்துச்சு. அதாங்க கதை.

கேள்வி: கையால தூக்கிட்டு ஓடுறதுக்கு ஏன் சார் ஃபுட்பால்னு பேரு வச்சாங்க?
— பாரம் 3 மாணவி, கோலசிலாங்கூர்

பதில்: ஆரம்பத்துல கால்லதான்மா அடிச்சாங்க. 1869-ல ரட்கர்ஸ், பிரின்ஸ்டன்னு ரெண்டு காலேஜ் மோதினதைத்தான் மொத மேட்ச்னு சொல்லுவாங்க, 6-4, அது கிட்டத்தட்ட நம்ம பந்து மாதிரிதான், கையில எடுத்து ஓடவெல்லாம் முடியாது. அப்புறம் ரக்பி உள்ள வந்து, வால்டர் கேம்ப்னு ஒருத்தரு இத்தனை சான்ஸ், இத்தனை கெஜம்னு விதியை மாத்தி மாத்தி வச்சு ஆட்டம் வேற ஆகிடுச்சு, பேரு மட்டும் தங்கிடுச்சு. நம்ம ஊர்ல ரப்பர் மரம் ஒண்ணுகூட இல்லாத இடத்தை இன்னமும் பால்மரக் காடுன்னு சொல்றோமே, அது மாதிரி.

கேள்வி: அங்கிள், ஒரு மேட்ச்கூட தோக்கலன்னா கப் கண்டிப்பா கிடைச்சுடும்தானே? எங்க வகுப்புல சண்டை. தோத்தவங்களுக்கு பந்தயமா 10 வெள்ளி.
— பாரம் 5 மாணவன், ரவாங்

பதில்: கிடைக்கும்னு நீ சொல்லியிருந்தா 10 வெள்ளிய எடுத்து வச்சுடு.

அதே 2023, அதே அமெரிக்கா. ஃப்ளோரிடா ஸ்டேட்னு ஒரு யூனி, 13 மேட்ச், 13-ம் வெற்றி, அவங்க லீக்ல சாம்பியன். அப்பெல்லாம் கப்புக்கு மோத நாலு டீமைத்தான் எடுப்பாங்க, யாரு அந்த நாலுன்னு ஒரு கமிட்டி உக்காந்து முடிவு பண்ணும். கமிட்டி என்ன பண்ணுச்சு தெரியுமா, ஒரு மேட்ச் தோத்த டீம் ரெண்டை உள்ள எடுத்துட்டு, ஒண்ணுமே தோக்காத இவங்களை வெளிய விட்டுட்டாங்க. ஏன்னா அவங்க குவாட்டர்பேக், ஆட்டத்தை ஓட்டுற பையன், ஜோர்டன் டிராவிஸ், நவம்பர்ல கால் உடைஞ்சு போயிட்டான், அவன் இல்லாம இவங்க அதே டீம் இல்லன்னு காரணம். மீதிப் பசங்க அவன் இல்லாமலும் ஜெயிச்சுக் காட்டினாங்க, எடுபடல. அவன் வேற, எனக்கு இன்னும் முன்னாடியே கால் உடைஞ்சிருக்கக் கூடாதா, இந்த டீம் நான் மட்டும் இல்லன்னு எல்லாருக்கும் தெரிஞ்சிருக்குமேங்கிற மாதிரி எழுதினான், படிச்சுட்டு ஒரு நாள் பூரா மனசு சரியில்ல எனக்கு. அப்புறம் ஒப்புக்கு ஒரு மேட்ச் குடுத்தாங்க, ஜார்ஜியாவோட, பாதிப் பேரு வெறுத்துப் போயி விளையாட வரல, 63-3 தோத்துட்டாங்க. அடுத்த வருஷத்துல இருந்து நாலு டீமை 12-ஆ ஆக்கிட்டாங்க, இவங்களுக்கு என்ன லாபம்.

அதுக்கு முன்னாடி இன்னும் கூத்து. 1997-ல மிச்சிகன் 12-க்கு 12, நெப்ராஸ்கா 13-க்கு 13, ரெண்டும் மோதவே இல்ல. பத்திரிகைக்காரங்க ஓட்டுல மிச்சிகன் சாம்பியன், கோச்சுங்க ஓட்டுல நெப்ராஸ்கா சாம்பியன். ரெண்டு வீட்லயும் கல்யாணம், மாப்பிள்ளை ஒருத்தன்.

இன்னொண்ணு சொல்லவா, இது என் சொந்தப் புண். லிவர்பூல், 2018-19, 38 மேட்ச்ல 30 ஜெயிச்சு, 7 டிரா, ஒண்ணே ஒண்ணுதான் தோத்தோம், 97 பாயிண்ட். கப் மான்செஸ்டர் சிட்டிக்குப் போச்சு, 98. அந்த ஒண்ணு சிட்டிகிட்ட தோத்ததுதான், அதுலயும் பந்து கோட்டுல ஒரு விரல் கனம்கூட பாக்கி இல்லாம உள்ள போயிருச்சுன்னு நினைக்கிறப்ப ஸ்டோன்ஸ் வெளிய எடுத்து விட்டான். இங்க விடியக்காலை நாலு மணி, டிவி ரிமோட் இன்னும் எங்க போச்சுன்னு தெரியல.

கேள்வி: லிவர்பூல்காரரே, 2003-04 ஆர்சனல். 38 மேட்ச், தோல்வி 0. இதுக்கு மேல என்ன சொல்ல இருக்கு?
— கன்னர் ரசிகன், சுங்கை பூலோ

பதில்: 12 டிரா. அதைச் சொல்லல பாருங்க.

சரி சரி, கோச்சுக்காதீங்க, பெரிய விஷயம்தான், 26 ஜெயிச்சு 12 சமன், அதுக்கு முன்னாடி இங்கிலாந்து லீக்ல அப்படிப் பண்ணினது 1888-89-ல ப்ரெஸ்டன் மட்டும்தான், அதுவும் வெறும் 22 மேட்ச். ஆனா அந்த செப்டம்பர்ல ஓல்ட் டிராஃபர்ட் மேட்ச்சை மறந்துடாதீங்க, 0-0, முடியிற நேரத்துல மான்செஸ்டர் யுனைடெட்டுக்கு பெனால்டி, வான் நிஸ்டல்ரூய் அடிச்ச பந்து மேல்கம்பத்துல பட்டுத் திரும்பிருச்சு. நாலு விரக்கடை கீழ போயிருந்தா நீங்க இந்த மெசேஜை எனக்கு அனுப்பியிருக்க முடியாது. கடைசியில 49 மேட்ச் ஓட்டம் அதே திடல்லதான் முடிஞ்சது, 2004 அக்டோபர், 2-0. ஜெர்மனியில லெவர்குசன் 2023-24-ல லீக்ல 28 ஜெயிச்சு 6 டிரா, தோல்வி இல்ல, எத்தனை மேட்ச் கடைசி நிமிஷத்துல காப்பாத்தினாங்க, அப்படியே போயி யூரோப்பா ஃபைனல்ல அட்டலாண்டாகிட்ட 3-0 வாங்கினாங்க. நம்ம ஜோகூர் கிளப் ஜேடிடியும் 2023 சூப்பர் லீக்ல ஒண்ணும் தோக்கல, ஆனா அவங்ககிட்ட இருக்குற காசைப் பாத்தா தோத்தாதான் செய்தி.

கேள்வி: சார் வணக்கம், நான் அந்த காலேஜ் டீம்ல கீப்பர். வர்ற சனிக்கிழமை ஃபைனல். தூக்கமே வரல. எல்லாரும் தோக்கல தோக்கலன்னு சொல்லச் சொல்ல வயித்தைப் பிசையுது. ஏதாவது சொல்லுங்க.
— கீப்பர், ஊர் போடாதீங்க

பதில்: தம்பி, பயப்படுறது நல்ல அறிகுறி, பயப்படாத கீப்பரைத்தான் நான் நம்பமாட்டேன். உனக்கு அறிவுரை வேணாம், வேலை குடுக்குறேன்.

கோச்கிட்ட கேட்டு இந்த வாரம் ஒரு நாள், பயிற்சியோட கடைசி 20 நிமிஷம், நீங்க 0-1ல பின்தங்கி இருக்கீங்கன்னு வச்சு விளையாடுங்க. தோக்காத டீமுக்கு இருக்கிற ஒரே பெரிய ஓட்டை அதுதான், பின்னாடி இருந்து விளையாடி ரொம்ப நாளாயிருக்கும், ஒரு கோல் விழுந்ததும் 11 பேரும் பந்தைத் தூக்கி மானத்துக்கு அடிக்க ஆரம்பிச்சுடுவாங்க. யாரு கத்தணும், யாரு அமைதியா பந்தைக் கீழ வைக்கணும்னு அன்னைக்கே தெரிஞ்சுடும். ரெண்டாவது, பெனால்டி வரிசை இப்பவே எழுதி வச்சுடுங்க, விசில் ஊதினப்புறம் நடுத்திடல்ல நின்னு நீ போ நான் போன்னு பேசாதீங்க, 12 கெஜம்தான், ஆனா அதுக்கு நடந்து போற தூரம்தான் ஜாஸ்தி. மூணாவது, ஃபைனல் அஞ்சு மணிக்கு, இந்த மாசம் அஞ்சு மணிக்கு என்ன வரும்னு உனக்குத் தெரியும், அதனால நனைஞ்ச பந்துல பழகு, ஒரு வாளித் தண்ணி பக்கத்துல வச்சுக்கிட்டு ஒவ்வொரு பந்தையும் முக்கி அடிக்கச் சொல்லு, நெஞ்சுல அணைக்க முடியலன்னா நேரா முன்னால தட்டாத, சைடுல தள்ளு.

க்ளவுஸைத் துவைச்சு நிழல்ல காய வை, மேட்ச்சுக்கு முன்னாடி உள்ளங்கையை லேசா ஈரப்படுத்து, காஞ்சு கிடந்தா வழுக்கும். அந்த உள்ளங்கை எதுல செஞ்சது தெரியுமா, லேட்டக்ஸ், நம்ம மரத்துப் பால். இது எழுதுறப்ப எங்க தோட்டத்து கீப்பர் ஞாபகம் வந்துட்டாரு, சொல்லிடறேன். பால்வெட்டு ஆளு, விடியக்காலை தலையில லைட்டைக் கட்டிக்கிட்டு காட்டுக்குள்ள போனா மத்தியானம் பால் ஸ்டோர்ல நிறுத்துக் குடுத்துட்டு, கையைக் கழுவாம அப்படியே திடலுக்கு வருவாரு. விரல் பூரா ஒட்டுப்பால் காஞ்சு போயி பழுப்பா தோல் மாதிரி ஒட்டியிருக்கும், அவரு பந்தைப் புடிச்சா பச்சக்குனு ஒரு சத்தம் வரும், திரும்ப உருட்டி விடுறப்ப பந்து கையை விட்டு வர யோசிக்கிற மாதிரி இருக்கும். க்ளவுஸ் வாங்க 20 வெள்ளி தர்றேன்னு கிராணி சொன்னாரு, அதை வாங்கி வீட்டுக்கு அரிசி வாங்கிட்டு மறுபடியும் ஒட்டுப்பால் கையோட வந்தாரு. எங்களுக்கெல்லாம் அப்ப கீப்பர்னா ஆறுமுகம்தான், தேசிய டீம் ஆறுமுகம், ஸ்பைடர்மேன்னு பேரு வாங்கினவரு, 1980-ல மெர்டேக்கா ஸ்டேடியத்துல கொரியாவை 2-1 ஜெயிச்சு மாஸ்கோ ஒலிம்பிக்குக்குத் தகுதி வாங்கினப்ப கோல் போஸ்டுல நின்னவரு, கடைசியில நாடே போகலன்னு முடிவாகி அவங்க யாரும் மாஸ்கோவையே பாக்கல. நம்ம ஆளு திடல்ல நின்னுக்கிட்டு "ஆறுமுகத்துக்கு கை நீளம், எனக்கு கை பிசின்"ம்பாரு.

போனை ராத்திரி பத்து மணிக்கு வேற ரூம்ல வச்சுட்டுப் படு. சனிக்கிழமை மத்தியானம் பிரியாணி வேணாம். அப்புறம் உங்க ரைட் பேக்கை எனக்குத் தெரியும், பேரு சொல்லமாட்டேன், அவனுக்கு ரெண்டடி தள்ளியே நில்லு.

கேள்வி: வாத்தியாரே, 1982-ல உங்க தோட்டத்து டீம் ஒரு மேட்ச்கூட தோக்கலன்னு இந்தப் பக்கத்துல மூணு வாட்டி எழுதிட்டீங்க. நான் பக்கத்துத் தோட்டத்து சென்டர் ஹாஃப். அந்த மழை மேட்ச்சை ஏன் ஒரு வாட்டிகூட எழுத மாட்டேங்குறீங்க? எனக்கு 67 வயசு, பேரப்புள்ளைங்க நான் பொய் சொல்றேன்னு சொல்லுதுங்க.
— உங்க எதிராளி, தாமான் வீடு

பதில்: இந்தக் கடுதாசியை மூணு நாள் மேசை டிராயர்ல வச்சிருந்தேன்.

பேரப்புள்ளைங்களைக் கூப்பிட்டு இதைப் படிச்சுக் காட்டுங்க. உங்க தாத்தா சொல்றது சத்தியம். எங்க திடல், கோயில் பக்கம் மேடு, கால்வாய் பக்கம் பள்ளம். ரெண்டாவது பாதியில பள்ளத்துப் பக்கம் எங்க கோல். கார்னர் வந்துச்சு, நான் லெஃப்ட் பேக், கம்பத்தைப் புடிச்சிக்கிட்டு நிக்கிறேன், பந்து தரையில குதிச்சு என் தொடையில பட்டு உள்ள போச்சு. உங்க ஆளு தலையால முட்டினதா நீங்க சொல்லிக்கிட்டு இருக்கலாம், அவன் தொடவே இல்ல, என் தொடைதான், அதை நான் இதுவரைக்கும் யார்கிட்டயும் சொன்னதில்ல. 0-1. இன்னும் 25 நிமிஷம் இருக்கு. நீங்க எங்களை மிதிச்சு எடுத்துக்கிட்டு இருந்தீங்க, இன்னொரு கோல் எப்ப விழும்னு நாங்க எண்ணிக்கிட்டு இருந்தோம்.

அப்பதான் மழை. சாதாரண மழையா அது, எதிர்ல நிக்கிறவன் சட்டை கலர் தெரியல. ரெஃப்ரி நம்ம தோட்டத்து ஆஸ்பத்திரி டிரெசர், விசிலை ஊதிட்டு மொத ஆளா பால் ஸ்டோருக்குள்ள ஓடிட்டாரு. அரை மணி நேரம் நின்னோம், பள்ளத்துப் பக்கம் கோல் போஸ்டு முட்டி வரைக்கும் தண்ணி, ஒரு தவளை நீந்திப் போச்சு, உங்க ஆளுங்க மட்டும் "விடுங்க விளையாடுவோம், விடுங்க விளையாடுவோம்"னு மழையிலயே நின்னீங்க. நான் உள்ள மூட்டை மேல உக்காந்துக்கிட்டு மழை நிக்கக் கூடாதுன்னு மாரியாத்தாவை வேண்டிக்கிட்டு இருந்தேன். பாதியில நின்ன மேட்ச்சை மறுபடியும் முதல்ல இருந்து விளையாடணும்ங்கிறது சட்டம், போட்டி விதியில வேற மாதிரி எழுதியிருந்தா ஒழிய இன்னைக்கும் அதுதான் சட்டம், அதனால டிரெசர் தப்புப் பண்ணலன்னு சொல்லிக்கிட்டோம். ரெண்டு வாரம் கழிச்சு மறுபடி விளையாடினப்ப உங்க ஸ்ட்ரைக்கர் சிங்கப்பூர் வேலைக்குப் போயிட்டாரு, 2-1 ஜெயிச்சோம், அதுக்கப்புறம் நடந்ததைத்தான் நான் மூணு வாட்டி எழுதியிருக்கேன்.

கப்போட எடுத்த போட்டோ தோட்டத்து ஆபீஸ்ல மாட்டியிருந்துச்சு, தோட்டம் கை மாறினப்ப அது எந்தக் குப்பையில போச்சோ தெரியல, திடல்ல இப்ப செம்பனை குலை தள்ளிக்கிட்டு நிக்குது, பள்ளத்துப் பக்கத்து மரம் மட்டும் கொஞ்சம் செழிப்பா இருக்கு. அதனால அந்த வருஷத்துக்கு சாட்சின்னு பாத்தா நீங்களும் நானும்தான் மிச்சம், அதுல ஒருத்தன் பாதியை மறைச்சவன். இனிமே எழுதினா இப்படி எழுதறேன்: 11 வெற்றி, 3 டிரா, ஒரு மழை.

சனிக்கிழமை ஃபைனலுக்கு வாங்க. நாலு மணிக்கு மாமாக் கடையில இருப்பேன், உங்க தே தாரிக் என் கணக்கு. குடை எடுத்துட்டு வாங்க, என்கிட்ட இருக்கிறது ஓட்டை.